மவுஸ் யார் கையில் இருக்கிறது?

நூலகப் பணியாளர்களுக்கான இணையப் பயிற்சி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. அரங்கில் விளக்கை அணைத்துவிட்டு, பயிற்சியாளர் தரவுத்தளம், மின்னூல் தளம், புதிய தேடுபொறி என்று வரிசையாகத் திரையில் காட்டிக்கொண்டே போவார். மாலையில் சான்றிதழ் கிடைக்கும். மறுநாள் இரவல் மேசைக்கு வரும் வாசகர் கைபேசியை நீட்டி, "இந்த மின்னூலை எப்படி எடுப்பது?" என்று கேட்டால், பயிற்சிக்குப் போய்வந்தவரே பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்கிறார். அவர்மேல் குற்றமில்லை. நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, ஒருமுறைகூட மவுஸ் அவர் கைக்கு வரவில்லை.

இதற்கு மாற்றான வழி ஒன்றை 2006-லேயே ஒரு நூலகம் செய்து காட்டியது. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் உள்ள சார்லட் - மெக்லன்பர்க் பொது நூலகத்தில், ஹெலீன் பிளவர்ஸ் என்பவர் பணியாளர்களுக்கு வகுப்பு எடுக்காமல், அவரவரே செய்து பார்க்க 23 வேலைகளைப் பட்டியலிட்டுக் கொடுத்தார். சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்க வேண்டும், ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் படங்களைத் துழாவ வேண்டும், ஒரு தளத்தில் புதிதாக வருவதைத் தானாகவே நம்மிடம் கொண்டுவரும் ஆர்எஸ்எஸ் ஓடைக்குச் சந்தா சேர வேண்டும், பலரும் சேர்ந்து எழுதித் திருத்தும் விக்கியில் தன் பங்குக்கு ஏதாவது எழுத வேண்டும். பிடித்தபடி விளையாடிப் பார்ப்பதும் கற்றலின் ஒரு பகுதி என்றே அந்தத் திட்டம் சொன்னது. முடித்தவர்களுக்கு எம்பி3 பிளேயர் பரிசு. பிறரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பட்டியலை வெளியிட்டதால், பல நாடுகளின் நூலகங்கள் அதை எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டன.

அந்தக் காலத்துக் கருவிகள் பல இன்று இல்லை. ஆர்எஸ்எஸ் படிக்கப் பலரும் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013-இல் மூடப்பட்டது. அதனால் கற்றது வீண் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஒரு புதிய தளத்தைத் தானே திறந்து, கணக்குத் தொடங்கி, அமைப்புகளை மாற்றிப் பார்த்த பணியாளர், அடுத்த தளம் வரும்போது யாரையும் எதிர்பார்த்து நிற்பதில்லை.

கைப்பழக்கம் எவ்வளவு தேவை என்பதற்கு அன்றாட உதாரணம் ஒன்று. ஆய்வு மாணவர் ஒருவருக்குத் தரவுத்தளத்தில் கட்டுரையைத் தேடிக் கொடுத்து, உலாவியின் முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே நகலெடுத்து மின்னஞ்சலில் அனுப்புகிறோம். மாணவர் வீட்டில் அதைத் திறந்தால் "அமர்வு முடிந்துவிட்டது" என்று வருகிறது. பல தரவுத்தளங்களில் அந்த முகவரி அன்றைய தேடலுக்காக மட்டும் உருவானது. நாம் வெளியேறியதும் அதுவும் செத்துவிடும். அனுப்ப வேண்டியது, கட்டுரைப் பக்கத்தில் "நிலையான இணைப்பு" என்று தனியாகத் தரப்பட்டிருக்கும் முகவரி, அல்லது டிஓஐ எனப்படும், 10 என்று தொடங்கும் கட்டுரையின் நிலையான அடையாள எண். பதிப்பகம் தன் இணையதளத்தையே மாற்றினாலும், அதற்கேற்ப முகவரியைப் புதுப்பித்து வைத்திருக்கும்வரை அந்த எண் கட்டுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். சந்தா கட்டிய இதழ் என்றால், வீட்டிலிருந்து படிக்க நூலகத்தின் வழியாக உள்நுழைய வேண்டும் என்பதையும் கூடவே சொல்லி அனுப்ப வேண்டும். இதைத் திரையில் பத்து முறை காட்டினாலும் மனதில் நிற்காது. இரண்டு இணைப்புகளையும் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி, வேறொரு கணினியில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எது திறக்கிறது, எது திறக்கவில்லை என்பதைத் தன் கண்ணால் கண்டவர் பிறகு மறக்கமாட்டார்.

பலரைத் தடுப்பது அறியாமையைவிட அச்சம். எதையாவது அழுத்தி நூலகத்தின் நூல் பட்டியலே அழிந்துபோனால் என்ன செய்வது என்ற பயம் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களிடமும் இருக்கிறது. அது நியாயமான பயம்தான். ஆகவே பழக ஒரு தனி இடம் கொடுங்கள். கோஹா போன்ற திறமூல நூலக மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. பயிற்சிக்கென்று தனியே ஒரு பிரதியை நிறுவி, கற்பனைப் பெயர்களில் உறுப்பினர்களைச் சேர்த்துவிட்டால், யார் வேண்டுமானாலும் நூலை நீக்கலாம், அபராதம் போடலாம், கலைத்துப் போட்டு மறுபடி அடுக்கலாம். உண்மையான உறுப்பினர் விவரங்களில் மட்டும் பயிற்சி வேண்டாம். யார் என்ன படித்தார் என்பது அவருடைய அந்தரங்கம். அதைக் காப்பது நம் தொழிலின் கடமை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பழகும்போதும் இதே கட்டுப்பாடு பொருந்தும். வாசகரின் பெயரையோ இரவல் பதிவையோ அதில் ஒட்டக் கூடாது.

இனி நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். பயிற்சிச் சுற்றறிக்கை வந்ததும் வழக்கமாகப் போகும் மூத்த நூலகரையே மறுபடி அனுப்பாதீர்கள். வாசகர் முதலில் கேட்பது இரவல் மேசையில் இருப்பவரிடம், நூல் அடுக்கிக்கொண்டிருப்பவரிடம். வீட்டுக்குப் போய்ப் பழகிக்கொள்ளச் சொல்வதும் சரியல்ல. வீட்டில் கணினி இல்லாதவர்கள் உண்டு, வீட்டு வேலையே மலைபோல் காத்திருப்பவர்களும் உண்டு. வாரத்தில் ஒரு மணி நேரத்தைப் பணி நேரப் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். அந்த நேரத்தில் மேசையைப் பார்த்துக்கொள்ள யார் வருவார் என்பதையும் பெயரோடு எழுதுங்கள். அது எழுதப்படாவிட்டால், கூட்டம் வந்த முதல் நாளே அந்த ஒரு மணி நேரம் காணாமல் போய்விடும்.