சிமுலேஷன்: பாவனையா, போலியா, ஒத்திகையா?

பெரிய மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் இப்போது ‘சிமுலேஷன் லேப்’ என்று ஓர் அறை இருக்கிறது. உள்ளே கட்டிலில் ஒரு பொம்மை படுத்திருக்கும். அதற்கு நாடி துடிக்கும், மார்பு ஏறி இறங்கும். பயிற்றுநர் பக்கத்து அறையில் கணினியைத் தட்டினால் சட்டென்று இதயம் நின்றுவிடும். மாணவர்கள் பதறிக்கொண்டு நெஞ்சை அழுத்துவார்கள். அந்தப் பதற்றம் மட்டும் நிஜம். சரி, இந்தப் பயிற்சியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மூலத்திலிருந்து தொடங்கலாம். லத்தீனில் ‘சிமிலிஸ்’ என்றால் ஒத்தது. அதிலிருந்து ‘சிமுலாரே’, அதாவது ஒன்றைப் போலச் செய்தல், பாசாங்கு செய்தல். ஆங்கிலத்துக்கு இது வந்தது 14ஆம் நூற்றாண்டில். வரும்போது பாசாங்குப் பொருளைத்தான் சுமந்து வந்தது. 1625இல் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் இச்சொல்லைத் தலைப்பில் வைத்துக் கட்டுரை எழுதியபோதும், தன்னிடம் இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொள்வது என்றே பொருள். நல்ல மனிதர்கள் செய்கிற காரியம் அல்ல.

சொல்லுக்கு மரியாதை வந்தது 20ஆம் நூற்றாண்டில், விமானத்தால். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் ஊரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தை பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளைக் கொண்டு, தரையை விட்டு எழும்பாமலேயே சாய்ந்து திரும்பும் ஒரு விமானக் கூட்டை மகன் 1929 வாக்கில் செய்தார். 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டுபோகும் வேலையில் மோசமான வானிலையில் சிக்கி அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் இந்தக் கூடுகளை வாங்கியது. பொய்யாகப் பறப்பது உயிர் காக்கும் என்று அப்போது புரிந்தது.

மருத்துவத்தில் சொல் புதிது, செயல் மிகப் பழையது. பழைய ஆயுர்வேத அறுவை மருத்துவ நூலான சுசுருத சங்கிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. சாத்திரம் முழுவதும் படித்திருந்தாலும் கைப்பழக்கம் இல்லாதவன் சிகிச்சைக்குத் தகுதியற்றவன் என்கிறது அது. அறுத்துப் பழகப் பூசணி, சுரை, வெள்ளரி. சுரண்டிப் பழக மயிரோடு கூடிய தோல். நாளத்தைக் கீறிப் பழகத் தாமரைத் தண்டு. கட்டுப்போட்டுப் பழகத் துணியால் செய்த ஆள் பொம்மை. பட்டியலைப் படிக்கும்போது பாதி சமையலறையைப் பார்த்த மாதிரி இருக்கிறது.

பிரான்சில் ஆஞ்செலிக் து கூத்ரே என்ற மருத்துவச்சி 1759இல் அரசர் பதினைந்தாம் லூயியின் ஆணையோடு ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். துணியும் தோலும் வைத்துத் தைத்த இடுப்பும் குழந்தையும்தான் பாடநூல். அவற்றில் ஒன்றை ரூவாங் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். 1960இல் நார்வேயின் ஸ்தவாங்கரில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்முண்ட் லேர்டால், வாயோடு வாய் வைத்து மூச்சூட்டப் பழகுவதற்காக ‘ஆன்’ என்ற பொம்மையைக் கொண்டுவந்தார். அதன் முகம், பாரிஸின் சேன் நதியில் மூழ்கி இறந்தவள் என்று கதை சொல்லப்படும் பெயர் தெரியாத பெண்ணின் முக அச்சு. ஆண் பொம்மையின் வாயில் வாய் வைக்க ஆண்கள் கூசுவார்கள் என்று பெண் முகத்தைத் தேர்ந்தாராம்.

இனி தமிழுக்கு வருவோம். ‘உருவகப்படுத்துதல்’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்கு இது ஒட்டவில்லை. உருவகம் அணியிலக்கணத்தின் சொல். முகத்தைத் தாமரையாக்குவது உருவகம், மாரடைப்பை நடத்திக்காட்டுவது அல்ல. ‘பாவனை’ இன்னும் நெருக்கமானது. ஆனால் இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்பாடு. பாவனையாளர் என்றால் நுகர்வோர். அங்கே ‘பாவனைப் பயிற்சி’ என்றால் எதையோ பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ‘போலி’ இலக்கணத்தில் கௌரவமாகத்தான் இருந்தது. இன்று அதை மருத்துவரோடு சேர்த்தால் போலீஸ் வந்துவிடும்.

‘ஒ’ என்ற வேரைப் பாருங்கள். ஒத்தல், ஒப்பு, ஒப்பனை, ஒத்திகை எல்லாம் ஒரே குடும்பம். லத்தீன் ‘சிமிலிஸ்’ நிற்கும் இடத்திலேயே தமிழில் இது நிற்கிறது. “மக்களே போல்வர் கயவர் அவரன்ன ஒப்பாரி யாங்கண்ட தில்” என்ற குறளில் ஒப்பாரி என்றால் ஒப்புமை. அது பிறகு சாவு வீட்டுக்குப் போய்விட்டதால் மருத்துவமனைப் பக்கம் கொண்டுவர முடியாது! மிஞ்சுவது ஒத்திகை. பேரிடர் ஒத்திகை, தீயணைப்பு ஒத்திகை என்று நாளிதழ்கள் ஏற்கெனவே எழுதுகின்றன. அதில் வஞ்சகத்தின் வாடை இல்லை. நிஜத்துக்கு முன்னால் நடப்பது என்ற பொருளும் கூடவே வருகிறது. ‘மருத்துவ ஒத்திகைப் பயிற்சி’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு குறை உண்டு. நாடக ஒத்திகையில் வசனம் முன்பே தெரியும். இங்கே பொம்மை அடுத்து என்ன செய்யும் என்று மாணவருக்குத் தெரியாது. அப்புறம், புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று கணினியில் கணக்கிடுவதும் சிமுலேஷன்தான். அதை ஒத்திகை என்றால் சிரிப்பார்கள். அங்கே வேறு சொல் தேடத்தான் வேண்டும். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று யாரும் சட்டம் போடவில்லையே.

கட்டிலில் கிடக்கும் பொம்மைக்குப் பெயர் தேட வேண்டியதே இல்லை: பாவை. “மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று” என்கிறது இன்னொரு குறள். கயிற்றால் இழுபட்டு, உயிருள்ளதுபோல் மயக்கும் மரப்பொம்மை. வள்ளுவர் அதை நாணமில்லாதவரைத் திட்டச் சொன்னார். ஒத்திகைப் பாவைக்கோ அப்படி மயக்குவதுதான் வேலை. கயிற்றின் இடத்தில் மின்கம்பி. ஊசி போட்டுப் பழகத் தோளிலிருந்து விரல்வரை மட்டும் செய்த ரப்பர் கைகளும் உண்டு. அவற்றைப் பாவை என்பது அதிகம். ‘ஒத்திகைக் கை’ போதும்.