ஆறு தட்டும் அப்பப்பாவின் மடியும்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "வெள்ளவத்தையில் ஒரு கல்யாணம். பாண்ட்காரர் நொன்ஸ்டொப் பைலா தொடங்கினதும் அப்பப்பாவும் எழும்பி ஆடினார், என்ர பத்து வயது மகளும் ஆடினாள். அவளுக்குப் பொப்பிசைப் பாடகர் ஏ. ஈ. மனோகரன் ஆரெண்டே தெரியாது. எப்படி?"

"பைலா எங்கட ரத்தத்தில ஊறினது" என்று பக்கத்து மேசை மாமா விளக்கம் கொடுத்தாராம். மாமாவின் ரத்தத்தில் சீனி வேண்டுமானால் இருக்கலாம். தாளம் வேறு வழியாக ஏறுகிறது.

பைலா என்ற இந்தத் துள்ளல் இசையின் வரலாறு பலருக்கும் தெரிந்ததுதான். போர்த்துக்கேயர் காலத்தில் ஆபிரிக்கரோடு கலந்து வந்த கபிரிஞ்ஞா என்ற ஆட்டப்பாட்டு, பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியன் கையில் மேடைப் பைலா ஆனது. தமிழில் நித்தி கனகரத்தினமும், 2018இல் காலமான மனோகரனும் அந்தத் துள்ளலைப் பொப்பிசைக்குக் கொண்டுவந்தார்கள். கிற்றார் போய் கீபோர்ட் வந்தது, வேகம் கூடியது. ஒரு சுற்றுக்கு ஆறு தட்டு என்ற பைலாத் தாளம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த ஆறைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். மேசையில், எல்லாம் ஒரே சத்தத்தில். வாயால் 'தகிட தகிட' என்று சொன்னால் இரண்டு அடியாகக் கேட்கும். 'தக தக தக' என்றால் மூன்று அடி. விரல் தட்டியது என்னவோ அதே ஆறுதான்! எங்கே அழுத்தம் என்று முடிவு செய்வது மூளை.

அந்த முடிவை மூளை எங்கே கற்கிறது? 2005இல் கனடாவில் ஜெசிக்கா பிலிப்ஸ்-சில்வர், லோரல் டிரெய்னர் இருவரும் ஏழு மாதக் குழந்தைகளுக்கு அழுத்தமே இல்லாத இப்படியொரு ஆறு தட்டைப் போட்டுக் காட்டினார்கள். பாதிப் பேரை ஒவ்வொரு இரண்டாவது தட்டுக்கும், மீதிப் பேரை ஒவ்வொரு மூன்றாவது தட்டுக்கும் தூக்கித் துள்ளவிட்டார்கள். பிறகு அழுத்தம் சேர்த்த இரண்டு வடிவங்களையும் ஒலிக்கவிட்டபோது, தாங்கள் எப்படித் துள்ளினார்களோ அந்த வடிவத்தையே குழந்தைகள் கூடுதல் நேரம் கேட்டார்கள். கண்ணைக் கட்டிச் செய்தபோதும் அப்படியே. இன்னொருவர் துள்ளுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளிடம் இது நடக்கவில்லை. உடம்பு ஆடினால்தான் காது பழகுகிறது.

எனக்கு இந்தச் சோதனையில் அலாதிப் பிரியம். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு தாளமும் நிறையப் பொறுமையும் போதும். கொழும்புக் குழந்தைகளிடமும் செய்து பார்க்க ஒரு மாணவருக்கு யாராவது ஒரு வருடச் சம்பளம் கொடுத்தால் என்ன? ஒரு கல்யாணத்தின் மேடைச் சோடனைக்கு ஆகும் காசு.

மகளைக் கைக்குழந்தையில் மடியில் துள்ளவிட்டது யார் என்று வாசகியிடம் திருப்பிக் கேட்டேன். அப்பப்பாதானாம், வானொலியைப் போட்டுவிட்டு. ஒரு பிள்ளை ஆதாரமாகாது, தெரியும். ஆனாலும் சந்தோசமாக இருந்தது.

ஆனால் மனோகரனின் பெயரை மடியில் துள்ளிக் கற்க முடியாது; அதை யாராவது சொல்லவேண்டும். இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன்னால் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயரைச் சொல்வார்கள். இப்போது ரீமிக்ஸில் அது முதலில் வெட்டுப்படுகிறது. அடுத்த கல்யாணத்தில் பாண்ட்காரரிடம் கேட்டுப் பாருங்கள்: தொடங்க முதல் மைக்கில் ஒரு பெயர் சொல்ல ஐந்து விநாடிகூட ஆகாது.