ஸ்கூல் போர்டு வேட்பாளரிடம் நாம் கேட்காமல் விடும் கேள்விகள்

போன வாரம் ஏஆர்டி கூட்டம் (சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்கு என்னென்ன உதவி என்று பெற்றோரும் பள்ளியும் சேர்ந்து முடிவு செய்யும் கூட்டம்) முடிந்ததும் ஓர் அப்பா என்னோடு பார்க்கிங் வரை பேசிக்கொண்டே வந்தார். மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். போன வருடம் வகுப்பில் அவன் பக்கத்திலேயே இருந்த உதவியாளர், இந்த வருடம் மூன்று வகுப்புகளுக்குப் பொது. மதிய உணவுக் கூடத்தில் இரைச்சல் கூடினால் பையன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுகிறான். "இது எப்படி அக்கா நடந்தது? யாரைக் கேட்பது?" என்றார்.

நம் பள்ளி மாவட்டத்தை நிர்வகிக்க நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஸ்கூல் போர்டு நிறைவேற்றிய பட்ஜெட்டில் உதவியாளர் பணியிடங்கள் குறைந்துவிட்டன என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவராகவே சொன்னார்: "நான் ஓட்டுப் போட்டேன் அக்கா. வீட்டுக்கு ஒரு வேட்பாளரின் நோட்டீஸ் வந்தது. வரியைக் குறைப்பேன், பொதுப் பள்ளிகளை ஆதரிப்பேன், இரண்டும் அதில் இருந்தது. நல்ல மனிதராகத் தெரிந்தார்."

டெக்சஸ் பொதுப் பள்ளிகளில் சிறப்புக் கல்வி ஆசிரியராக இது எனக்குப் பதினான்காவது வருடம். நம் தமிழ்க் குடும்பங்களோடு இதே பேச்சு இந்தக் கல்வியாண்டில் மட்டும் ஐந்தாவது முறை. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

"பொதுக் கல்வியை ஆதரிக்கிறேன்" என்று எழுதாத வேட்பாளரை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. எல்லோரும் எழுதும் ஒரு வரியை வைத்து ஒருவரை இன்னொருவரிடமிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பீர்கள்? போர்டில் உட்கார்ந்ததும் எதற்குக் கை தூக்குவார், எதற்குத் தூக்க மாட்டார் என்று தெரிந்தால்தான் அது நிலைப்பாடு.

அதற்கு போர்டின் கையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். இங்கே பெரும்பாலான பள்ளி மாவட்டங்களில் ஏழு உறுப்பினர்கள், சம்பளம் கிடையாது. மாவட்டப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்ட்டை நியமிப்பது, பட்ஜெட் போடுவது, பள்ளி வரி விகிதத்தை முடிவு செய்வது, கட்டடங்களுக்குக் கடன் வாங்க வாக்காளர்களிடம் ஒப்புதல் கேட்கும் பாண்ட் தேர்தல் நடத்துவது எல்லாம் அவர்கள் வேலை. எதைக் கற்பிக்க வேண்டும் என்ற பாடத் தரங்களும், ஸ்டார் என்ற மாநிலத் தேர்வும் மாநிலத்தின் கையில். ஸ்டார் தேர்வை ஒழிப்பேன் என்று ஒரு வேட்பாளர் சொன்னால், முடியாததைச் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பண விஷயம். மாநிலம் ஒரு மாணவருக்குக் கணக்கிடும் அடிப்படைத் தொகை 2019-இல் 6,160 டாலர். ஆறு வருடம் அது நகரவில்லை. அந்த ஆறு வருடத்தில் நம் வீட்டு மளிகைச் செலவு எவ்வளவு ஏறியது என்று உங்களுக்கே தெரியும். 2025-இல் 55 டாலர் ஏற்றினார்கள். ஆசிரியர் சம்பளத்துக்கும் வேறு சிலவற்றுக்கும் தனியாகப் பணம் ஒதுக்கினார்கள், உண்மைதான். ஆனால் அடிப்படைத் தொகை ஏறியது அவ்வளவுதான். துண்டு விழும்போது முதலில் போவது உதவியாளர், நூலகர், கவுன்சிலர். வரியையும் குறைப்பேன், எதையும் வெட்ட மாட்டேன் என்பவரிடம் "எந்தச் செலவைக் குறைப்பீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டெக்சஸில் இந்தப் பணம் பதிவேட்டில் இருக்கும் பெயருக்கு வருவதில்லை, சராசரி தினசரி வருகைக்குத்தான் வருகிறது. டிக்கெட் மலிவு என்று டிசம்பர் முதல் வாரமே ஊருக்குக் கிளம்பி, பொங்கல் முடிந்து திரும்புகிறோம் இல்லையா, அந்த நாட்களுக்கான பணம் பள்ளிக்குக் குறைகிறது. தாத்தா பாட்டியைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளி விடுமுறையை ஒட்டிப் போய்வாருங்கள்.

பாண்ட் பற்றி நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். வாக்குச்சீட்டில் "இது சொத்து வரி உயர்வு" என்று பெரிய எழுத்தில் இருக்கும். 2019-இல் வந்த சட்டப்படி, பள்ளி பாண்ட் என்றாலே அந்த வரியை அச்சிட்டாக வேண்டும், விகிதம் கூடாவிட்டாலும்கூட. அதைப் படித்துவிட்டு உள்ளேயே மனம் மாறி வேண்டாம் என்று போட்டுவிட்டு வந்ததாக என்னிடமே சிலர் சொல்லியிருக்கிறார்கள். விகிதம் உண்மையில் என்ன ஆகும் என்பது மாவட்டத்தின் இணையதளத்தில் இருக்கும். போவதற்கு முன் பாருங்கள்.

சரி, என்னை மிகவும் வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

2025 மே 3-ஆம் தேதி பல ஊர்களில் ஸ்கூல் போர்டு தேர்தல் நடந்துகொண்டிருந்த அதே நாளில், ஆளுநர் கல்விச் சேமிப்புக் கணக்குச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வவுச்சர் என்று நாம் சொல்வது இதைத்தான். நூறு கோடி டாலர் திட்டம், 2026-27 கல்வியாண்டிலிருந்து நடைமுறை. தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் சுமார் 10,000 டாலர், மாற்றுத்திறனுள்ள பிள்ளைக்கு 30,000 வரை. அன்றிலிருந்து நம் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பணத்தை வாங்கிக்கொண்டு தனியாருக்கு மாற்றிவிட்டால், ஐஇபியில் (பிள்ளைக்கென்று எழுதும் தனிக் கல்வித் திட்டத்தில்) உள்ள இதே உதவியெல்லாம் அங்கே இன்னும் நன்றாகக் கிடைக்கும்தானே?"

கிடைக்கும் என்று சட்டம் சொல்லவில்லை. எத்தனை முறை சொன்னாலும் இது மனதில் பதிவதில்லை, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைக்குத் தகுந்த கல்வியை இலவசமாகத் தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் 1975-இல் வந்த கூட்டரசுச் சட்டத்தால் பொதுப் பள்ளிக்கு இருக்கிறது. ஐஇபியில் எழுதியதை "பணமில்லை" என்று சொல்லி நிறுத்த முடியாது. ஏஆர்டி கூட்ட மேசையில் நீங்கள் சம உறுப்பினர். ஒப்பவில்லை என்றால் மத்தியஸ்தம் கேட்கலாம், விசாரணை கேட்கலாம். நீங்களாக விரும்பித் தனியார் பள்ளியில் சேர்க்கும் அன்று, தனிப்பட்ட பிள்ளைக்கு இருந்த அந்த உரிமை கூடவே வருவதில்லை. வவுச்சர் வாங்கினாலும் அப்படித்தான். தனியார் பள்ளி உங்கள் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. சேர்த்துக்கொண்டாலும் பாதி வருடத்தில் "எங்களுக்குச் சரிவரவில்லை" என்று சொல்லலாம். அப்போது பெரும்பாலும் உங்கள் கையில் இருப்பது சேர்க்கையின்போது போட்ட ஒப்பந்தம்தான்.

அப்படித் திரும்பி வந்த பிள்ளைகளை நான் வரவேற்றிருக்கிறேன். எந்த மாதத்தில் வந்தாலும் பொதுப் பள்ளி சேர்த்துக்கொள்ளும். ஆனால் புதிதாகக் கூட்டம், புதிதாக ஐஇபி, புது முகங்கள். மாற்றம் என்றாலே தவிக்கும் குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள். நல்ல தனியார் பள்ளி அமைந்து நன்றாக இருக்கும் குடும்பங்களும் உண்டு, அவர்களை நான் குறை சொல்லவில்லை. எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று தெரிந்து போகச் சொல்கிறேன்.

வவுச்சர் சட்டம் போடுவது ஆஸ்டினில் உள்ள மாநிலச் சட்டமன்றம், போர்டு இல்லை. ஆனாலும் வேட்பாளரிடம் இதைக் கேட்கத்தான் வேண்டும். பிள்ளைகள் வெளியேறினால் வருகைக் கணக்கில் பணம் குறையும், அப்போது என்ன செய்வார்? சட்டமன்றத்தில் மாவட்டத்தின் சார்பில் எதைக் கேட்கச் சொல்லி ஓட்டுப் போடுவார்?

சிறப்புக் கல்வி பற்றித் தனியாகக் கேளுங்கள். இந்த மாநிலத்தில் 2004-இலிருந்து, மாணவர்களில் 8.5 சதவீதத்துக்கு மேல் சிறப்புக் கல்வியில் இருக்கக்கூடாது என்பதுபோல மாவட்டங்களை அழுத்திய ஓர் அளவுகோல் இருந்தது. 2016-இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தது. அது சட்ட மீறல் என்று 2018-இல் கூட்டரசின் கல்வித் துறை முடிவு சொன்னது. உதவி தேவைப்பட்ட எத்தனையோ பிள்ளைகளிடம் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்லியே வருடங்கள் போயின. யாரும் கேட்காவிட்டால் முதலில் இப்படிக் கைவிடப்படுவது என் வகுப்புக் குழந்தைகள்தான்.

குடியுரிமை உள்ளவர்களுக்கு: தேர்தலுக்கு 30 நாள் முன்பே வாக்காளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். முதல்முறை பதிவு செய்பவர்கள் விண்ணப்பத்தைத் தாளில் நிரப்பிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள், கடைசி வாரம்வரை தள்ளிப்போடாதீர்கள். பல ஊர்களில் தேர்தல் நடக்கும் மே முதல் சனிக்கிழமை பிள்ளைகளின் நடன ஒத்திகை இருக்கும், தெரியும். முன்கூட்டியே ஓட்டுப் போட நாட்கள் தருகிறார்கள், அலுவலகத்திலிருந்து வரும் வழியில் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், எங்களுக்கு எதற்கு என்று ஒதுங்காதீர்கள். வரி நீங்களும்தான் கட்டுகிறீர்கள். சில நூறு ஓட்டுகளில் முடிவு மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

எச்1பி, கிரீன் கார்டில் இருப்பவர்கள் தயவுசெய்து தவறுதலாகக்கூட வாக்காளராகப் பதிவு செய்துவிடாதீர்கள். பிற்பாடு குடியுரிமையே சிக்கலாகிவிடும். ஆனால் போர்டு கூட்டத்தில் பேச ஓட்டுரிமை தேவையில்லை. நிகழ்ச்சி நிரலில் உள்ள விஷயம் பற்றிப் பேச வருபவர்களைப் போர்டு கேட்டாக வேண்டும், அதுவும் 2019-இலிருந்து சட்டம். பெயர் கொடுங்கள், மைக் முன் நில்லுங்கள், உங்கள் பிள்ளையின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்லுங்கள். போன இலையுதிர்காலத்தில் கிரீன் கார்டில் இருக்கும் ஓர் அம்மா, கை நடுங்க மூன்று நிமிடம் பேசினார். அதுவரை குனிந்து காகிதம் புரட்டிக்கொண்டிருந்த உறுப்பினர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கூட்டம் முடிந்து ஒருவர் வந்து அவரிடம் தொலைபேசி எண் வாங்கிக்கொண்டார்.

பார்க்கிங்கில் என்னோடு நின்ற அந்த அப்பாவும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருகிறேன் என்றிருக்கிறார். ஆங்கிலத்தில் என்ன பேசுவது என்று தயங்கினார். முதலில் தமிழில் எழுதிக் கொண்டுவாருங்கள், மதிய உணவுக் கூடத்தில் நடப்பதிலிருந்து ஆரம்பியுங்கள், சேர்ந்து உட்கார்ந்து மாற்றிக்கொள்வோம் என்று சொல்லியிருக்கிறேன்.