லென்ஸ் இல்லாமல் எடுக்கும் படம்

சித்தி மகள் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வீட்டுக் கணினியில் விண்ணப்பம் ஒன்றை நிரப்பும்போது பிழைச் செய்தி வந்திருக்கிறது. அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, “இது என்னவென்று பாருங்கள் அண்ணா” என்று கேட்டிருந்தாள். படம் முழுக்க வானவில் நிறத்தில் அலை அலையாக வரிகள். மேசை விளக்கின் வெளிச்சம் பிழை எண்ணின் மேலேயே விழுந்து அதை மறைத்திருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னேன். அடுத்த நிமிடம் வந்த படத்தில் ஒவ்வோர் எழுத்தும் அச்சடித்ததுபோல் இருந்தது.

இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்த்தால், எந்த வலையிலும் இல்லாத அலைகள் தெரியும். கைப்பேசிப் படத்தில் வந்த வரிகளும் அப்படித்தான். திரையிலும் நுண்ணிய கட்டங்கள், கேமராவின் உணரியிலும் நுண்ணிய கட்டங்கள். இரண்டும் பொருந்தாமல் மோதியதில் பிறந்தவை அவை. ஸ்கிரீன்ஷாட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதில் லென்ஸும் இல்லை, ஒளியும் இல்லை.

திரையில் நாம் காண்பதெல்லாம் முதலில் நினைவகத்தில் எண்களாகத்தான் இருக்கிறது. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று 0 முதல் 255 வரை மூன்று எண்கள். கணக்கு வசதிக்காகப் பெரும்பாலும் நான்கு பைட்டுகளாக வைப்பார்கள். ஆக மொத்தம் 82,94,400 பைட்டுகள். இந்த எண்கள் இருக்கும் இடத்துக்கு ‘பிரேம் பஃபர்’ என்று பெயர். சாதாரணத் திரையில் நொடிக்கு 60 முறை இதிலிருந்து படம் புதுப்பிக்கப்படுகிறது. நாம் விசையை அழுத்தும்போது, கணினி அந்த எண்களில் ஒரு பிரதி எடுத்துத் தனியே வைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் ஸ்கிரீன்ஷாட். அது காட்சியைப் பார்த்து எடுத்த படம் அல்ல; காட்சி எதனால் ஆனதோ அதன் நகல்.

விசைப்பலகையில் உள்ள ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ என்ற பெயருக்கு ஒரு காலத்தில் நேரடிப் பொருள் இருந்தது. 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது ஷிப்ட் விசையோடு அதை அழுத்தினால், திரையில் இருந்த எழுத்துகள் அப்படியே அச்சுப்பொறிக்குப் போகும். அன்றைய எழுத்துத் திரை ஒரு வரிக்கு 80 எழுத்து வீதம் 25 வரிகள். எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட் என்று மொத்தமே 4,000 பைட்டுகள். இப்போது விண்டோஸில் அந்த விசை அச்சுப்பொறியைத் தொடுவதில்லை. விண்டோஸ், ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம். மேக் கணினியில் கமாண்ட், ஷிப்ட், 4.

திரையில் தெரிவதெல்லாம் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதற்கு ஓர் அருமையான பழைய சான்று உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பெயிண்ட் மென்பொருளில் ஒட்டினால், சில சமயம் அந்தப் படத்துக்குள்ளேயே வீடியோ ஓடும்! பிளேயரை மூடினால் அங்கே வெறும் ஒற்றை நிறம்தான் மிஞ்சும். காரணம் எளியது. பிரேம் பஃபரில் வீடியோவுக்குரிய இடத்தில் ஒரு குறிப்பிட்ட நிறம் மட்டுமே பூசப்பட்டிருக்கும். அந்த நிறம் தெரியும் இடத்தில் வீடியோவைக் காட்டுவது கிராஃபிக்ஸ் அட்டையின் வேலை. ஸ்கிரீன்ஷாட்டில் வந்த அதே நிறத்தையும் அட்டை வீடியோவுக்குரிய இடமாக எடுத்துக்கொண்டது. மவுஸ் சுட்டி பல ஸ்கிரீன்ஷாட்டுகளில் வராததும் இதே வகைதான். அது தனி அடுக்காகக் கடைசியில் மேலே வைக்கப்படுகிறது.

எடுத்த படத்தை எந்த வடிவில் சேமிக்கிறோம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். தமிழ் எழுத்துள்ள ஸ்கிரீன்ஷாட் என்றால் எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு எளிதில் படாத நுண்ணிய மாற்றங்களைக் கழித்துவிடுகிறது. முகத்துக்கும் வானத்துக்கும் அது சரி. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து என்பதோ முழுக்க முழுக்க கூர்மையான மாற்றம். அதைக் கழித்தால் எழுத்தைச் சுற்றிச் சாம்பல் தூசி படிகிறது. சிறிய எழுத்தில் ‘க்’ மேலுள்ள புள்ளிக்கு இரண்டு மூன்று பிக்சல்தான் இடம். இரண்டு முறை ஜேபெக்காகச் சேமித்துப் பகிர்ந்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: புள்ளி கரைந்து, மெய்யா உயிர்மெய்யா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்காமல் எழுதினார்கள். பதிப்பித்தவர்கள் அதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. அச்சு மீட்டுத் தந்த புள்ளியை நாம் இழக்கக் கூடாது.

பிஎன்ஜி முறை எதையும் கழிப்பதில்லை. 1996இல் வெளிவந்த இது, ஒவ்வொரு பிக்சலையும் இடப்பக்கத்திலோ மேலேயோ உள்ள பிக்சலோடு ஒப்பிட்டு வேறுபாட்டை மட்டும் குறிக்கிறது. வெற்றுப் பக்கத்தில் வேறுபாடு பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்றே போகும். அத்தனை பூஜ்யங்களையும் சில பைட்டுகளில் சுருக்கிவிடலாம். திறக்கும்போது ஓர் எண் பிசகாமல் பழையபடி வந்துவிடும்.

பிசகாமல் வருவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வங்கிக் கணக்கு எண்ணை மங்கலாக்கிவிட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. மங்கலாக்குவது ஒரு கணக்குதான். சாத்தியமான இலக்கங்களை ஒவ்வொன்றாக அதே முறையில் மங்கலாக்கி ஒப்பிட்டால் உண்மையான எண் சிக்கிவிடும். ஒளி ஊடுருவாத கறுப்புப் பட்டையால் மூடுவதே வழி. வெட்டி எடுப்பதும் முழுப் பாதுகாப்பு அல்ல என்பது 2023 மார்ச்சில் தெரியவந்தது. கூகுள் பிக்சல் கைப்பேசிகளின் படத்திருத்தக் கருவியிலும் விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலிலும் ஒரே வகைக் குறை இருந்தது. வெட்டிய சிறிய படத்தைப் பழைய பெரிய கோப்பின் மேலேயே எழுதினார்கள். மிச்சமிருந்த வாலை நறுக்கவில்லை. நூறு பக்க நோட்டில் முதல் முப்பது பக்கத்தை மட்டும் அழித்துப் புதிதாக எழுதியது போல. வாலில் இருந்த தரவைக் கொண்டு வெட்டியெறிந்த பகுதியைப் பெருமளவு மீட்க முடிந்தது. குறை பின்னர் சரிசெய்யப்பட்டது.

சித்தி மகள் அனுப்பிய இரண்டாவது படத்தில் அவளுடைய ஆதார் எண்ணும் முழுதாகத் தெரிந்தது. கறுப்புப் பட்டை போட்டு, அந்தப் படத்தைத் திரையில் திறந்து வைத்து, அதையே மறுபடி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புதுக் கோப்பாகச் சேமிக்கச் சொன்னேன். பட்டைக்கு அடியில் இருந்த எண்கள் திரைக்கு வருவதில்லை. திரைக்கு வராத எதுவும் அந்தப் புதுக் கோப்பில் இல்லை.