சொல் விளக்கம்: ஆட்டோ டிராக்கிங்

கடைச் செயலி ஒன்றின் அமைப்புகள் பக்கத்தைத் தமிழாக்கும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. 'டிராக்கிங்' என்று இருந்த இடத்தில், அகராதி சொன்னபடி 'கண்காணிப்பு' என்று போட்டேன். எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். அந்த வரியைப் படித்ததும், "யாருடா என்னைக் கண்காணிக்கிறது? முதல்ல இதை அழி" என்றார். அதே பக்கத்தை இங்கிலீஷில் பார்த்த தம்பிக்கு எந்தச் சலனமும் இல்லை. தப்பு அம்மாவிடம் இல்லை, சொல்லில்தான் என்று அன்றைக்கே பட்டது.

முதலில் பொருள். பயனர் எந்தப் பக்கத்துக்குப் போனார், எதைத் தொட்டார், எவ்வளவு கீழே உருட்டினார் என்பதையெல்லாம், நிரலர் ஒவ்வொன்றுக்கும் தனி வரி எழுதாமலே பதிந்துகொள்ளும் ஏற்பாடுதான் ஆட்டோ டிராக்கிங். ஆட்டோகேப்சர் என்றும் சொல்வார்கள். கையால் செய்வதென்றால் 'வாங்கு' பொத்தானுக்கு ஒரு வரி, 'தேடு' பொத்தானுக்கு ஒரு வரி என்று எழுதிக்கொண்டே போகவேண்டும்; புதிதாக ஒரு பொத்தான் வந்து, அதற்கு எழுத மறந்தால் போயிற்று. தானியங்கி முறையில், வலைத்தளத்தில் ஒரு ஸ்கிரிப்டை, அதாவது சின்ன நிரல்துண்டை, ஒட்டிவிட்டால் போதும். பக்கத்தில் எங்கே சொடுக்கினாலும், சொடுக்கிய உறுப்பு எது, அதன் மேல் என்ன எழுதியிருந்தது என்பதைச் சேர்த்து அது அனுப்பிவிடும். தளத்துக்கு வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் இதற்கு ஒரு சுவிட்ச்தான். அதைப் போட்டால், பக்கத்தை 90 சதவீதம் உருட்டியது, வெளித்தளச் சுட்டியைத் தொட்டது, கோப்பை இறக்கியது எல்லாம் தானாக விழும். மொபைல் செயலியில் கூகுளின் ஃபயர்பேஸ் என்ற கருவித்தொகுப்பைச் சேர்த்தால் 'ஃபர்ஸ்ட் ஓப்பன்' தானாக வரும். அது செயலியை இறக்கிய கணம் இல்லை, முதல்முறை திறந்த கணம். செயலியை நீக்கியதும் தானாகப் பதிவாகும், ஆனால் ஆண்ட்ராய்டில் மட்டும்.

'டிராக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய பிரெஞ்சில் வேர் இருக்கிறது: 'திராக்', குதிரை போன தடம். மண்ணில் இருப்பதைக் குறித்த பெயர், பிறகு அதைப் பார்த்துப் பின்னால் போவதைக் குறிக்கும் வினையும் ஆயிற்று. 'ஆட்டோ' கிரேக்கம், 'தான்' என்று பொருள். நம் ஊரில் அந்தச் சொல் மூன்று சக்கரத்தோடு நின்றுவிட்டதால் இங்கே அது உதவாது.

சீனர்கள் இதற்கு வைத்த பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'மாய்தியென்', அதாவது புள்ளியைப் புதைப்பது. செயலிக்குள் இங்கே ஒன்று அங்கே ஒன்றாகப் பதிவுப் புள்ளிகளைப் புதைத்துவைப்பதால் அந்தப் பெயர். தானியங்கி வகைக்கு அவர்களிடம் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று 'எல்லாம் புதைத்தது', இன்னொன்று 'புதைக்கவே புதைக்காதது'. இரண்டும் ஒரே சங்கதிதான். செயலியின் பக்கமிருந்து பார்த்தால் முதலாவது, நிரலரின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டாவது.

சரி, தமிழுக்கு வருவோம். 'கண்காணிப்பு' ஏன் உதைக்கிறது? அதில் மேலே நிற்கிற ஓர் ஆள் இருக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலாயாவின் ரப்பர் தோட்டத்திலும் ஆட்களைக் கூட்டிப்போய், தலைமேல் நின்று வேலை வாங்கியவர் கங்காணி. இந்தச் சொல் ஆங்கிலத்துக்கே போயிருக்கிறது. ஆட்டோ டிராக்கிங்கில் அப்படி யாரும் நின்று பார்ப்பதில்லை. தடம் முதலில் விழுகிறது, படிப்பது அப்புறம். 'வேவு' இன்னும் மோசம், எதிரி நாட்டு வாடை. 'பின்தொடர்தல்' சமூக வலைத்தளத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டது.

டிராக்கிங்குக்குச் சரியான தமிழ் ஆட்கள் யார் என்று கேட்டால், இருளர்களைச் சொல்வேன். பாம்பு போன தடத்தை மண்ணில் பார்த்தே அதைத் தேடிப் பிடிக்கிறவர்கள். 2017-இல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய்ப் பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அவர்கள் செய்வது கண்காணிப்பு இல்லை, தடம் பார்ப்பது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பாம்பு போனால் மண் தானாகத் தடத்தை வாங்கிக்கொள்ளும், கண்ணாடித் திரை வாங்காது. யாரோ முன்கூட்டியே மணலைப் பரப்பிவைத்தால்தான் விரல் பட்ட இடம் தெரியும். எஸ்டிகே-யை, அதாவது பதிவு செய்யும் நிரல்தொகுப்பை, செயலியில் சேர்ப்பது, சுவிட்சைப் போடுவது, கடவுச்சொல் பெட்டியைப் பதியாதே என்று குறிப்பது எல்லாம் மணல் பரப்பும் வேலை.

இப்படிப் பதிவாவதைப் 'பயனர் நடத்தை' என்று சொல்வதிலும் எனக்கு ஒரு நெருடல். நடத்தை என்றாலே நன்னடத்தைச் சான்றிதழும், 'அவன் நடத்தை சரியில்லை'யும்தான் நினைவுக்கு வருகின்றன. அதன் வேர் என்னவோ 'நட'தான். அந்த வேரிலேயே 'நடை' இருக்கிறது, நடந்தால் தடம் விழுகிறது. ஆகவே நான் 'நடைத்தடம்' என்கிறேன். ஆட்டோ டிராக்கிங் என்பது தானியங்கி நடைத்தடப் பதிவு.

'கண்காணிப்பு'க்கும் இடம் உண்டு. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்கள் விஷயத்தில் 'டிராக்கிங்'கையும் 'பிஹேவியரல் மானிட்டரிங்'கையும் அடுத்தடுத்து இரண்டு சொல்லாக வைத்துத் தடுக்கிறது. முன்னது தடமறிதல், பின்னது கண்காணிப்பு என்றால் குழப்பமில்லை. ஐபோனில் ஐஓஎஸ் 14.5-இலிருந்து, அதாவது 2021 ஏப்ரலிலிருந்து, 'உங்களை டிராக் செய்யட்டுமா' என்று ஒரு பெட்டி வருகிறதே, அது வேறு. உங்கள் தரவை மற்ற நிறுவனங்களின் தரவோடு விளம்பரத்துக்காக முடிச்சுப்போடுவதைத்தான் ஆப்பிள் அங்கே டிராக்கிங் என்கிறது. அதற்குப் 'பின்தொடர்தல்' என்று போட்டாலும் ஒப்புக்கொள்வேன்.

கடைச் செயலிக்குத் திரும்புவோம். 'வாங்கு' என்ற பொத்தானை, மரியாதையாக இருக்கட்டுமே என்று 'கூடையில் சேர்க்க' என்று மாற்றிக் கொடுத்தேன். மறுநாள், எந்தப் பொத்தானை எத்தனை பேர் தொட்டார்கள் என்று காட்டும் அவர்களுடைய வரைபடத்தில் 'வாங்கு' பூஜ்யம். விற்பனை நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. பொத்தானை அதன்மேல் எழுதியிருந்த சொல்லை வைத்து அடையாளம் காணும்படி ஆட்டோ டிராக்கிங்கை அமைத்திருந்தார்கள். சொல் போனதும் தடமும் போய்விட்டது. இரண்டு நாள் சர்வரையும் நெட்டையும் நோண்டிவிட்டு, கடைசியில் மொழிபெயர்ப்பாளரிடம் வந்து நின்றார்கள்.

அந்தக் கையோடு அமைப்புகள் பக்கத்திலும் 'நடைத்தடப் பதிவு' என்று மாற்றிவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் மட்டும், இன்றைக்கு எத்தனை அடி நடந்தேன் என்பதை எங்கே பார்ப்பது என்று கேட்டு எழுதியிருந்தாராம்.