வாட்டம் பார்க்கும் கணினி

கட்டுமானத் தளங்களில் ‘வாட்டம்’ என்று ஒரு சொல் உண்டு. தரை எந்தப் பக்கம், எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதற்கு நம் கொத்தனார்கள் வைத்த பெயர் அது. குளியலறையில் டைல்ஸ் பதிக்கும்போதும் வாட்டம்தான், பூங்காவுக்கு மண் நிரவும்போதும் வாட்டம்தான். எங்கள் தளத்தில் மண்வேலையைக் கவனிக்கும் அண்ணன் சிவகங்கைக்காரர். சிங்கப்பூர் வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. நான் எந்த வரைபடத்தை விரித்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: “தம்பி, தண்ணி எங்கிட்டுப் போகும்?”

நில வடிவமைப்புக்கென வந்திருக்கும் புதிய மென்பொருள்களைச் சில மாதங்களாக ஒரே மனையில் வைத்துச் சோதித்துவருகிறேன். மனை சிறியது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே 60 மீட்டருக்கு 40 மீட்டர். ஒரு பக்கம் சாலை, எதிர்ப்பக்கம் மழைநீர்க் கால்வாய், நடுவில் வெட்டக் கூடாத தூங்குமூஞ்சி மரம். அதைப் பூங்காவாக்க வேண்டும்.

கணினிக்கு நிலம் என்பது புள்ளிகள்தான். நில அளவையாளர் தரும் ஒவ்வொரு புள்ளிக்கும் இடமும் உயரமும் உண்டு. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதை மென்பொருள் ஊகித்துக்கொள்ள வேண்டும். அதற்காகப் புள்ளிகளை மும்மூன்றாக இணைத்து, முக்கோணங்களால் ஆன ஒரு போர்வையைப் பின்னுகிறது. எந்த மூன்றை இணைப்பது? ரஷ்யக் கணித அறிஞர் போரிஸ் டெலோனே 1934-ல் தந்த விதி இன்றும் பயன்படுகிறது: ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியே வட்டம் வரைந்தால், அதற்குள் வேறெந்தப் புள்ளியும் விழக் கூடாது. இந்த விதியால் ஊசி போன்ற ஒல்லி முக்கோணங்கள் கூடியவரை தவிர்க்கப்படுகின்றன.

ஆனால் இந்த விதிக்குக் கால்வாய் என்றால் என்னவென்று தெரியாது. என் முதல் சோதனையிலேயே அது தெரிந்துவிட்டது. கால்வாயின் இரு கரைகளிலும் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன, அடித்தளத்தில் ஒன்றிரண்டுதான். மென்பொருள் கரைக்குக் கரை முக்கோணங்களைப் போட்டுவிட்டது. திரையைச் சாய்த்துப் பார்த்தால், கால்வாய்மேல் யாரோ பலகைகளை அடுக்கி மூடியதுபோல் இருந்தது. கரையோரத்தையும் அடித்தளத்தையும் கோடுகளாக வரைந்து, ‘எந்த முக்கோணமும் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது’ என்று கட்டளையிட்ட பிறகுதான் கால்வாய் மறுபடி திறந்தது. இந்தக் கோட்டை எங்கள் தொழிலில் பிரேக்லைன் என்போம். புதிய கருவி எதை வாங்கினாலும், அது பிரேக்லைனை எப்படிக் கையாள்கிறது என்பதை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

நிலத்தைப் படித்த பிறகு மண் கணக்கு. இருக்கும் தரைப் போர்வையையும் வரப்போகும் தரைப் போர்வையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எங்கே வெட்ட வேண்டும், எங்கே நிரப்ப வேண்டும் என்று மென்பொருள் கூட்டிச் சொல்லும். எங்கள் மனை 2,400 சதுர மீட்டர். உயரத்தில் வெறும் 10 செ.மீ. பிசகினால் 240 கன மீட்டர் மண் கூடும் அல்லது குறையும். தோண்டிய மண் இளகிப் பருத்துவிடும். 25 சதவீதம் என்று வைத்தால் அது 300 கன மீட்டர். லாரிக்குப் 10 கன மீட்டர் என்றால், விரல் நீளப் பிசகுக்கு முப்பது நடை!

மண்ணை இங்கே வெட்டி அங்கே கொட்டும் வேலை சிங்கப்பூருக்குப் புதிதல்ல. 1822-ல் ஆற்றின் தென்கரைச் சதுப்பு நிலத்தைத் தூர்க்க, இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ் இருக்கும் இடத்திலிருந்த சிறு குன்றைத்தான் வெட்டினார்கள். அதற்கும் நாற்பது வருடம் முன்பே, 1781-ல், பிரெஞ்சுக் கணித அறிஞர் காஸ்பார் மோன்ஜ் இந்த வேலையை ஒரு கணக்காக எழுதிவைத்தார்: பல இடங்களில் தோண்டிய மண்ணைப் பல பள்ளங்களுக்குக் கொண்டுபோக, மொத்த உழைப்பு மிகக் குறைவாக இருக்கும் வழி எது? இரண்டு பாதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டால் அதைவிட நல்ல வழி இருக்கிறது என்று அவர் கண்டார். படங்களை ஒப்பிடும் கணினி நிரல்களில் இன்று ‘மண் அள்ளுபவரின் தூரம்’ என்றே ஓர் அளவு வழங்குகிறது. மண்வேலையிலிருந்து பிறந்த கணிதம் அங்கேவரை போயிருப்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

இனி புதிய கருவிகளுக்கு வருவோம். பழைய முறையில் உயரங்களை நான் சொல்வேன், கணினி கணக்குப் பார்க்கும். புதிய முறையில் நான் சொல்வது விதிகளை மட்டுமே. புல்தரை 50 மீட்டருக்கு 1 மீட்டராவது சரிய வேண்டும். சக்கர நாற்காலிப் பாதை 12-க்கு 1-ஐவிடச் செங்குத்தாகக் கூடாது. மண் தளத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. முக்கோண முனை ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்கக்கூடிய திருகு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஆயிரக்கணக்கான திருகுகள். விதி மீறும் இடத்துக்கெல்லாம் தண்டம் உண்டு. மொத்தத் தண்டம் குறையும் பக்கமாக எல்லாத் திருகுகளையும் துளித்துளியாகத் திருப்பி, மறுபடி கூட்டிப் பார்த்து, மறுபடி திருப்புகிறது கணினி. புக்கிட் தீமா குன்றின் 163 மீட்டர் உச்சியிலிருந்து கண்ணைக் கட்டிக்கொண்டு, கால் உணரும் சரிவிலேயே அடி வைத்து இறங்குவது போன்றது இது. பெரும்பாலும் கீழே வந்துவிடலாம். சில நேரம் பாதி வழியில் ஒரு குழிக்குள் இறங்கி, அதுதான் அடிவாரம் என்று நின்றுவிடவும் நேரும். அதனால் வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து பலமுறை ஓட்டிப் பார்க்கிறேன்.

முதல் ஓட்டம் ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் முடிந்தது. விதிகள் அத்தனையும் நிறைவேறியிருந்தன. தரையோ கசக்கிப் பிரித்த காகிதம்போல் இருந்தது. எக்ஸ்கவேட்டர் ஓட்டுபவர் யாராலும் அப்படியொரு தரையைச் செதுக்க முடியாது. ‘அடுத்தடுத்த முக்கோணங்களின் சரிவு அதிகம் மாறக் கூடாது’ என்று இன்னொரு விதி சேர்த்ததும் தரை வழுவழுப்பானது, ஆனால் கொஞ்சம் மண்ணை வெளியேற்ற வேண்டிவந்தது. மரத்தின் கதை வேறு. அடிமரத்தை ஒரே புள்ளியாகக் கொடுத்திருந்தேன். கணினி அந்தப் புள்ளியின் உயரத்தை அப்படியே காப்பாற்றிவிட்டு, சுற்றிலும் மண்ணை நிரப்பியிருந்தது. மரம் கிணற்றுக்குள் நின்றது. வேர் பரவிய இடத்தில் அரை மீட்டர் மண் ஏறினாலே மரம் மூச்சுத் திணறும். கிளைகள் கவிந்திருக்கும் வட்டம் முழுவதையும் தொடக் கூடாத பகுதியாக வரைந்து மறுபடி ஓட்டினேன்.

அதன் பிறகுதான் அண்ணனின் கேள்வி. சாங்கி வானிலை நிலையத்தின் 1991–2020 சராசரிப்படி ஆண்டு மழை 2,113 மி.மீ. பெய்தால் கொட்டித் தீர்க்கும் மழை இது. தண்ணீரைக் காட்ட, மென்பொருள் தரையை ஒரு மீட்டர் கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் சூழ எட்டுக் கட்டங்கள். அவற்றில் எந்தப் பக்கம் இறக்கம் மிகுதியோ அந்தப் பக்கம் ஓர் அம்புக்குறி. அம்புகளைத் தொடர்ந்தால் ஓடை, எட்டுப் பக்கமும் மேடானால் குட்டை. 1984-ல் வெளியான எளிய முறை, இன்றும் கைகொடுக்கிறது.

டேப்லெட்டில் அம்புகளை அண்ணனிடம் காட்டினேன். எல்லாம் ஒழுங்காகக் கால்வாய்க்குள் இறங்கின. அவர் கால்வாய்க் கரையில் விரலை வைத்தார்.

“இங்க கெர்ப் வருதுல்ல? அதுல ஓட்டை விட்டிருக்கீங்களா தம்பி?”

“கெர்ப் மாடல்ல இருக்குண்ணே.”

“இருந்தா தண்ணி எப்படித் தாண்டுது?”

கெர்ப் என்பது ஓரத்தில் கட்டும் விளிம்புக்கல். அதன் உயரம் 15 செ.மீ., அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஒரு மீட்டர் கட்டத்தின் சராசரியில் அது கரைந்துபோயிருந்தது. அன்று மாலை கட்டத்தை 10 செ.மீ. ஆக்கி ஓட்டினேன். கணினி நெடுநேரம் எடுத்துக்கொண்டது. முடிந்தபோது, கெர்ப்பை ஒட்டி நீளமாக ஒரு குட்டை நீலத்தில் கிடந்தது. அதன் தாழ்ந்த மூன்று இடங்களில் திறப்பு வரைந்து, மறுநாள் காலை அண்ணனுக்கு அனுப்பினேன்.