அப்டேட் பாதியில் நின்றதா? ஃபார்மட்டுக்கு அவசரப்படாதீர்கள்

போன மாதம் டிடிபி கடை நடத்தும் அக்கா ஒருவர் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். "தம்பி, அப்டேட் 27 பர்சென்ட்லயே ஒரு மணி நேரமா நின்னுச்சு. கஸ்டமர் வேற காத்துட்டு இருந்தாங்க, சுவிட்சை அணைச்சுட்டேன். இப்ப விண்டோஸே வரமாட்டேங்குது. ஒரு கடையில கேட்டா ஃபார்மட்தான் வழி, டி டிரைவ்ல இருக்கறது எதுவும் போகாதுன்னாங்க."

"உங்க டிசைன் எல்லாம் எதுலக்கா வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "டெஸ்க்டாப்லதான்." பத்து வருடத்துக் கல்யாணப் பத்திரிகைகள். டெஸ்க்டாப்பில் வைப்பதெல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அந்தக் கடையில் ஃபார்மட் செய்திருந்தால், அதாவது சி டிரைவை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தால், அத்தனையும் போயிருக்கும்.

இருபது வருடமாக சிஸ்டம் சர்வீஸ் செய்கிறேன். அப்டேட் தோற்றதால் கோப்புகளை இழந்தவர்களைவிட, அதற்கு அப்புறம் செய்த ஃபார்மட்டால் இழந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அப்டேட் தோற்றால் பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸிலேயே ஏற்பாடு இருக்கிறது. செய்த மாற்றங்களை நீக்குவதாகத் திரையில் எழுத்து வந்தால், அந்த ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில்தான் பலரும் பயந்து பிளக்கைப் பிடுங்குகிறார்கள்.

சதவீத எண்ணை நம்ப வேண்டாம். அது ஒரே இடத்தில் வெகுநேரம் நிற்கும், திடீரென்று தாவும். கேபினட்டின் முன்பக்கம் ஹார்ட் டிஸ்க் விளக்கு இருக்கும். அது மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் மூன்று மணி நேரம் வரை பொறுப்பேன். விளக்கு வெகுநேரம் அசைவில்லாமல் இருந்தால் மட்டுமே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பேன். அதற்கு முன் திரையில் உள்ள எண்ணையும் வாசகத்தையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். "ஏதோ எரர் வந்துச்சு" என்பதைவிட அந்தப் படம் எங்களுக்குப் பத்து மடங்கு உதவும்.

அக்காவின் கம்ப்யூட்டரில் முதல் வேலையாக ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு சிஸ்டத்தில் மாட்டி, டெஸ்க்டாப் முழுவதையும் நகல் எடுத்தேன். ரிப்பேர் அதற்கு அப்புறம்தான். நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் இதை முதலில் கேளுங்கள். புதிய கம்ப்யூட்டர்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். அதைத் திறக்க 48 இலக்க பிட்லாக்கர் சாவி வேண்டும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே அதை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

விண்டோஸ் தொடங்கும்போது இரண்டு மூன்று தடவை தடைபட்டால், ரிப்பேர் திரை தானாக வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போனால் கடைசியாகப் போட்ட அப்டேட்டை மட்டும் நீக்கலாம். உங்கள் கோப்புகளை அது தொடாது. அக்காவின் கம்ப்யூட்டர் இதிலேயே எழுந்துவிட்டது. எழுந்த பிறகும் சந்தேகம் இருந்தால் டிஐஎஸ்எம், எஸ்எஃப்சி என்ற இரண்டு கட்டளைகளை இதே வரிசையில் ஓட்டுவேன். எஸ்எஃப்சி கெட்டுப்போன சிஸ்டம் கோப்புகளுக்கு மாற்றை ஒரு சேமிப்பிலிருந்து எடுக்கிறது. அந்தச் சேமிப்பையே சரி செய்வது டிஐஎஸ்எம். அதனால்தான் அது முதலில்.

சரி, அப்டேட் ஏன் நின்றது? நம் ஊரில் அசெம்பிள் செய்யும்போது சி டிரைவுக்கு 100 ஜிபி ஒதுக்கிவிட்டு மீதியை டி, இ என்று பிரித்துவிடுவார்கள். அக்காவின் சி டிரைவில் மிச்சம் 2 ஜிபி. டி டிரைவில் 800 ஜிபி சும்மா கிடந்தது. பெரிய அப்டேட்டுக்குக் குறைந்தது 20, 30 ஜிபியாவது காலியாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

இடப் பற்றாக்குறை எப்போதும் நேராக முகம் காட்டாது. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி 5034441 என்ற பாதுகாப்பு அப்டேட் பல கம்ப்யூட்டர்களில் ஏறாமல், 80070643 என்று முடியும் எண்ணைக் காட்டியது. பொதுவாக "நிறுவ முடியவில்லை" என்பதுதான் அந்த எண்ணின் பொருள். உண்மையில் குறை, விண்டோஸ் ரிப்பேருக்கென்று டிஸ்க்கில் ஒதுக்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத ரெக்கவரி பார்ட்டிஷன் என்ற பகுதியில் 250 எம்பி காலி இடம் இல்லாதது. தங்கள் அப்டேட் தவறான எரரைக் காட்டுகிறது என்று மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது. அந்தப் பார்ட்டிஷனைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும், ஃபார்மட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

"இந்தத் தொல்லையே வேண்டாம், அப்டேட்டை ஆஃப் பண்ணிக் கொடுங்க" என்று கேட்பவர்களுக்கு நான் மறுத்துவிடுவேன். 2017 மே 12 அன்று உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட், மார்ச் 14 அன்றே வெளிவந்திருந்தது. இரண்டு மாதம் போடாமல் இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அப்டேட்டிலும் பிழை வரும் என்பதும் உண்மைதான். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரையே அழித்ததால் சில நாட்களில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகவே எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, அதைக் கழற்றி வைத்துவிட்டு அப்டேட்டைத் தொடங்குங்கள். பென் டிரைவையும் எடுத்துவிடுங்கள். கரண்ட் போனால் தாங்கும் யூபிஎஸ் இருக்கட்டும்.

அக்காவின் டிசைன்களை டி டிரைவுக்கு மாற்றி, அவர் மறுநாள் வந்தபோது அவர் முன்னாலேயே அப்டேட்டை மறுபடி தொடங்கினேன். 27-ல் இந்த முறையும் இருபது நிமிடம் நின்றது. அக்கா என்னைப் பார்த்தார். நான் கேபினட்டைக் காட்டினேன், விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.